ஊர் இருக்கிறது, தோழி எங்கே?

தமிழில் ‘புலம்பு’ என்று ஒரு சொல் உண்டு. இன்றைக்கு நம் வீடுகளில் அது படும் பாடு எல்லாருக்கும் தெரியும். “சும்மா புலம்பாதே” என்று கணவன் மனைவியை அடக்குகிறான். “தாத்தா புலம்ப ஆரம்பிச்சாச்சு” என்று பேரன் நழுவுகிறான். யாரும் கேட்க வேண்டியதில்லாத பேச்சு என்ற பொருளுக்கு அந்தச் சொல் வந்து சேர்ந்துவிட்டது. ஆனால் தொல்காப்பியத்தின் உரியியலைப் புரட்டினால் அங்கே புலம்பு என்பதற்குச் சொல்லியிருக்கும் பொருள் தனிமை. தனிமை என்ற நிலைக்கும் அந்த நிலையில் ஒருவர் எழுப்பும் குரலுக்கும் நம் முன்னோர் ஒரே சொல்லை வைத்திருந்தார்கள். நாம் குரலை மட்டும் வைத்துக்கொண்டு, அதற்குப் பின்னால் இருந்த நிலையை மறந்துவிட்டோம்.

இந்த மலரில் தனிமையைப் பற்றி எழுத வேண்டும் என்று எனக்குத் தோன்றியதற்கு இந்தச் சொல்தான் காரணம். ஆளில்லாத இடத்தில் வரும் தனிமையைப் பற்றி எழுத வரவில்லை. வீடு நிறைய மனிதர், அலுவலகம் நிறைய சகாக்கள், விழா அரங்கு நிறைய நம்மவர், அதற்கு நடுவில் ஒருவருக்கு வரும் தனிமையைப் பற்றித்தான் பேசப்போகிறேன். வெளிமாநிலத் தமிழர் வாழ்க்கையை எழுதிய நம் எழுத்தாளர்கள் இதை எப்படிக் கையாண்டிருக்கிறார்கள், நாம் அவர்களை எப்படிப் படித்திருக்கிறோம் என்று பார்க்கலாம்.

நாம் படித்த விதத்தில் எனக்கு ஒரு குறை உண்டு. தில்லி, பம்பாய், கல்கத்தா என்று எங்கே இருக்கும் தமிழனின் தனிமையைப் பற்றிப் பேச்சு வந்தாலும் நாம் உடனே ஒரு விடையைக் கையில் எடுத்துவிடுகிறோம். ஊரைவிட்டு வந்தோம், மொழி தெரியாத இடத்தில் மாட்டிக்கொண்டோம், அதனால் தனிமை. ஆகவே தமிழர் நாலு பேர் ஒன்றுசேர்ந்தால் தனிமை தீரும். சங்கங்களின் ஆண்டறிக்கைகளும் மலர்களின் வாழ்த்துரைகளும் அநேகமாக இந்த விடையைத்தான் சொல்லிவருகின்றன. இதில் உண்மை இல்லை என்று நான் சொல்லமாட்டேன். தில்லிக்கு வந்த புதிதில் ஜி.டி. எக்ஸ்பிரஸ் வந்து நிற்கும் நேரத்துக்கு ஸ்டேஷனுக்குப் போய், இறங்குகிறவர்களின் தமிழைச் சும்மா நின்று கேட்டவர்கள் எனக்குத் தெரிந்தே உண்டு. ஆனால் இந்த விடை போதாது. நம்முடைய நல்ல எழுத்தாளர்கள் யாரும் இந்த விடையோடு நிற்கவில்லை.

குறுந்தொகையில் மூன்று பாட்டுகள்

பழைய இலக்கியத்திலிருந்து தொடங்குவோம். குறுந்தொகையில் கூட்டத்துத் தனிமையைப் பேசும் பாட்டுகள் மூன்று எனக்கு உடனே நினைவுக்கு வருகின்றன.

ஒன்று, பதுமனார் பாடிய ஆறாம் பாட்டு. நடுச்சாமம். ஊரில் பேச்சரவம் அடங்கிவிட்டது. உலகமே தூங்குகிறது, தூங்காமல் இருப்பவள் அவள் ஒருத்தி. இரண்டாவது, ஔவையார் பாடிய இருபத்தெட்டாம் பாட்டு. இங்கேயும் ஊர் தூங்குகிறது. ஆனால் இந்தப் பெண்ணுக்கு வருவது கோபம். தன் நோவை அறியாமல் தூங்குகிற இந்த ஊரை என்ன செய்தால் தகும், முட்டிக்கொள்வதா, தாக்குவதா, கூச்சல் போடுவதா என்று தவிக்கிறாள். மூன்றாவது நாற்பத்தொன்றாம் பாட்டு. பாடியவரின் இயற்பெயர் தெரியாமல், அவர் சொன்ன உவமையை வைத்தே அணிலாடு முன்றிலார் என்று பெயர் கொடுத்திருக்கிறார்கள். அவன் கூட இருந்தால் திருவிழா நடக்கும் ஊர்போல மகிழ்கிறாள். அவன் போய்விட்டால், மனிதர் விட்டுப்போன வீட்டு முற்றத்தில் அணில் விளையாடுமே, அந்த வீடுபோல ஆகிவிடுகிறாள்.

மூன்று பாட்டிலும் ஊர் இருக்கிறது. வெறிச்சோடிய காட்டில் தனியாக நின்று யாரும் பாடவில்லை. சுற்றிலும் சனங்கள் இருக்கும்போதுதான் தனிமை உறைக்கிறது என்பதை இந்தக் கவிஞர்கள் அறிந்திருந்தார்கள். ஔவையாரின் பெண்ணுக்குக் கோபம் வருவதே, தூங்க முடிந்த அத்தனை பேர் அக்கம்பக்கத்தில் இருப்பதால்தான்.

இன்னொரு ஒற்றுமையும் உண்டு. இதை நாம் அவ்வளவாகக் கவனிப்பதில்லை. பாட்டின் அடியில் பின்னாளில் சேர்த்த கூற்றுக் குறிப்புகளைப் பாருங்கள். மூன்றுமே தலைவி தோழிக்குச் சொன்னவை. ஊர் முழுக்கத் தூங்கினாலும் ஒருத்தி விழித்திருக்கிறாள், கேட்கிறாள். தலைவி எந்த நிமிஷத்தில் “நான் ஒருத்திதான் தூங்கவில்லை” என்ற கருத்தைச் சொல்கிறாளோ, அந்த நிமிஷத்திலேயே அதைக் கேட்கிற ஒருத்தி பக்கத்தில் தூங்காமல் இருக்கிறாள். புலம்புவதற்கு ஓர் ஆள் இருந்தாள். அகப்பாட்டின் இலக்கணமே அந்த ஆளை ஏற்பாடு செய்து கொடுத்திருக்கிறது.

இது வெறும் மரபுதானே, உண்மையான வாழ்க்கையில் எல்லாப் பெண்ணுக்கும் தோழி இருந்தாளா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். எத்தனை பேருக்கு இருந்தாள் என்று நாம் கணக்கெடுக்க முடியாது. ஆனால் ஒரு சமூகம் தன் கவிதைக்கு எந்த மரபைத் தேர்ந்துகொள்கிறது என்பதிலிருந்து அது எதை அவசியம் என்று நினைத்தது என்பதாவது தெரியும். தனிமை வரும், அதைத் தடுக்க முடியாது, ஆனால் அதைச் சொல்ல ஓர் ஆள் வேண்டும். இவ்வளவு அந்த மரபில் இருக்கிறது.

இந்த ஏற்பாட்டில் பெரிதும் விடுபட்டுப்போனவன் ஒருவன் உண்டு. பொருள் தேடப் போன தலைவன். பாலை வழியில் நடக்கிறவன் பல பாட்டுகளில் தன் நெஞ்சோடுதான் பேசுகிறான். அவனுக்குப் பாங்கன் உண்டு, தேர்ப்பாகன் உண்டு. ஆனால் பாதி வழியில் நின்று “போவதா, திரும்புவதா” என்று தவிக்கும்போது அவனுக்குக் கிடைப்பது அவன் நெஞ்சு ஒன்றுதான். நம் கதை இவனிடமிருந்துதான் தொடங்குகிறது. பொருள்வயிற் பிரிந்தவர்கள்தானே நாம் எல்லாரும்! ஒரே ஒரு வித்தியாசம். சங்கத் தலைவன் கார்காலத்துக்குள் திரும்புவதாகச் சொல்லிவிட்டுப் போனான். நாம் குவார்ட்டர்ஸ் வாங்கினோம், பிறகு சொசைட்டியில் ஃப்ளாட் வாங்கினோம். பிரிவுக்கு ஒரு முடிவு உண்டு என்ற பழைய இலக்கணம் நம்மிடம் வந்து உடைந்துவிட்டது. பிரிவு முடியாதபோது அதைப் பிரிவு என்று சொல்ல முடியாது. அதற்கு வேறு பெயர் வேண்டியிருக்கிறது.

ஆதவனின் இரண்டு நாற்காலிகள்

அந்தப் பெயரைத் தேடியவர்களில் முதன்மையானவர் ஆதவன். 1942இல் கல்லிடைக்குறிச்சியில் பிறந்து, தில்லியில் வளர்ந்து, இங்கேயே வேலை பார்த்தவர். 1987இல் சிருங்கேரியில் துங்கை ஆற்றில் போய்விட்டார். அந்த ஆண்டு ‘முதலில் இரவு வரும்’ தொகுப்புக்குச் சாகித்திய அகாதெமி விருது அவர் இல்லாமலேயே வந்தது.

அவருடைய ‘ஒரு அறையில் இரண்டு நாற்காலிகள்’ என்ற கதையைத் தில்லியில் ஆபீஸ் போன ஒவ்வொரு தமிழரும் படிக்க வேண்டும். ஒரு சர்க்கார் அலுவலகத்தில் ஒரே அறையில் இரண்டு அதிகாரிகள். கைலாசம் தமிழர், அகர்வால் வடக்கத்தியர். சண்டை கிடையாது, விரோதம் கிடையாது. ஆனாலும் அந்த இன்னொரு நாற்காலியில் ஆள் இருக்கும் வரைக்கும் கைலாசத்தால் இயல்பாக இருக்க முடிவதில்லை. தன் மொழியில் பேச ஒரு நண்பன் வரமாட்டானா என்று காத்துக்கிடக்கிறார். இவ்வளவு மட்டும் சொன்னால், நம் பழைய விடை சரி என்றே தோன்றும். அகர்வாலுக்குத் தமிழ் தெரியாது, அதனால் தனிமை.

ஆனால் கதையைச் சற்று நிதானமாகப் படியுங்கள். மொழி மட்டுமா தடை? ஒருவன் எதிரே உட்கார்ந்திருக்கும்போது அவனுக்காக ஒரு முகத்தைத் தயார் செய்துகொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. அந்த ஓயாத தயாரிப்புதான் கைலாசத்தைக் களைப்பாக்குகிறது. இந்தச் சந்தேகத்தை ஆதவனின் மற்ற படைப்புகள் உறுதி செய்கின்றன. ‘காகித மலர்கள்’ நாவலில் அகர்வால் தேவையே இல்லை. தில்லியில் ஒரே கூரையின் கீழ் ஒரு தமிழ்க் குடும்பம். அப்பா, அம்மா, பிள்ளைகள், மருமகள். எல்லாரும் ஒரே மொழி, ஒரே சாம்பார். ஆனால் ஒவ்வொருவரும் அடுத்தவர் எதிரில் ஒரு வேஷம் கட்டிக்கொண்டுதான் நடமாடுகிறார்கள். ‘என் பெயர் ராமசேஷன்’ நாவலில் கதைசொல்லியே தன் வேஷங்களை ஒவ்வொன்றாக நமக்குக் கழற்றிக் காட்டுகிறான். நண்பனிடம் ஒன்று, பெண்ணிடம் ஒன்று, அம்மாவிடம் ஒன்று.

அமெரிக்காவில் டேவிட் ரீஸ்மன் என்ற சமூகவியலாளர் 1950இல் ‘தி லோன்லி கிரவுட்’ என்ற நூலைத் தன் சகாக்களோடு சேர்ந்து வெளியிட்டார். தனித்த கூட்டம் என்று சொல்லலாம். மரபு சொன்னபடி நடப்பவர்கள், மனத்துக்குள் பதிந்த நெறிப்படி நடப்பவர்கள், பிறர் முகம் பார்த்து நடப்பவர்கள் என்று மனிதர்களை மூன்றாகப் பிரித்தார். மூன்றாம் வகையினருக்கு உள்ளே ஒரு ராடார் சுற்றிக்கொண்டே இருக்கும். எதிராளி என்ன எதிர்பார்க்கிறான் என்று சதா பிடித்துக்கொண்டிருக்கும். ஆதவனின் பாத்திரங்களுக்கு இது அப்படியே பொருந்துகிறது. அவர்களுடைய தனிமை ஊரை இழந்ததால் வந்ததல்ல. ராடார் ஓயாததால் வந்தது. கல்லிடைக்குறிச்சிக்கே திரும்பிப் போனாலும் அது தீராது.

ஆதவனிடம் எனக்கு ஒரு குறையும் உண்டு. அவருடைய பாத்திரங்கள் தங்களைப் பற்றி அளவுக்கு மீறித் தெரிந்துவைத்திருக்கிறார்கள். ஒரு உணர்ச்சி எழுந்த உடனேயே அதை எடுத்துப் பிட்டுப் பிட்டு வைத்துவிடுகிறார்கள். சில பக்கங்களுக்குப் பிறகு, வாசகனுக்குச் செய்ய ஒன்றும் மிச்சமிருப்பதில்லை. ஆனால் இதையே மறுபக்கமும் பார்க்க வேண்டும். கேட்க ஆளில்லாதவன்தான் தன்னைத்தானே இப்படி அலசுவான். பாலை வழியில் நெஞ்சோடு பேசிய தலைவன் இங்கே பஸ் ஸ்டாப்பில் நின்று பேசுகிறான்.

நாஞ்சில் நாடனின் குதிரை

தில்லியிலிருந்து பம்பாய்க்குப் போவோம். நாஞ்சில் நாடன் 1970களின் தொடக்கத்தில் பம்பாய்க்கு வேலைக்குப் போனவர். ‘மிதவை’ 1986இல் வந்தது. படித்த கிராமத்துப் பையன் சண்முகம் வேலை தேடி ஊரைவிட்டுக் கிளம்பிப் பம்பாய் போய்ச் சேருகிறான். இவனுடைய தனிமையில் மன அலசலுக்கு இடமில்லை. தங்க இடம், குளிக்க இடம், மலம் கழிக்க இடம் என்று அன்றாடம் அவனை அழுத்துகிறது. நகரத்தில் மனிதர் நெருக்கத்துக்குக் குறைவே இல்லை; தோளோடு தோள் உரசாமல் ரயிலில் நிற்க முடியாது. உடம்பு இவ்வளவு நெருங்குகிற இடத்தில் மனம் தன்னைக் காத்துக்கொள்ளச் சுருங்கிவிடுகிறது. கூட்டம் தனிமையைத் தீர்ப்பதற்குப் பதிலாக அதை உண்டாக்கும் விதத்தை இவ்வளவு கண்ணால் பார்த்ததுபோல் எழுதியவர் தமிழில் குறைவு.

‘சதுரங்கக் குதிரை’ 1993இல் வந்தது. இதன் நாராயணன் வேலை கிடைத்து நிலைத்தவன். பம்பாயில் சம்பாதிக்கிறான், ஊரில் உறவு உண்டு, போக்குவரத்தும் உண்டு. கல்யாணம் மட்டும் தள்ளிப்போய்த் தள்ளிப்போய் நடுவயது வந்துவிடுகிறது. இந்தத் தலைப்பை நான் பலமுறை யோசித்திருக்கிறேன். சதுரங்கத்தில் மற்ற காய்களைத் தாண்டிக் குதிக்கக்கூடியது குதிரை ஒன்றுதான். ராஜா அடுத்த கட்டத்துக்கு நடக்கும். சிப்பாய் ஒவ்வொரு அடியாகப் போகும். குதிரையால் அடுத்த கட்டத்தில் இருப்பவனிடம் ஒரே எட்டில் போக முடியாது. பக்கத்துக் கட்டத்துக்குப் போகவும் அது மூன்று முறை தாவ வேண்டும். நாராயணன் ஊருக்கும் பம்பாய்க்கும் நடுவே தாண்டித் தாண்டிக் குதிக்கிறான். நெடுந்தூரம் போகத் தெரிகிறது. பக்கத்தில் இருப்பவரிடம் போகத் தெரியவில்லை. நம்மில் எத்தனையோ பேருக்கு இது பொருந்தும். வருஷத்துக்கு ஒரு தடவை இரண்டாயிரம் கிலோமீட்டர் போய் அத்தைப்பெண் கல்யாணத்தில் தலையைக் காட்டிவிட்டு வருவோம். எதிர் ஃப்ளாட்காரர் ஆஸ்பத்திரியில் இருந்தது பத்து நாள் கழித்துத்தான் தெரியவரும்.

நாஞ்சில் நாடன் ஆதவனைப் போல் அலசுவதில்லை. சாப்பாட்டைச் சொல்வார், பேச்சு வழக்கைச் சொல்வார், காசுக் கணக்கைச் சொல்வார். நாராயணனுடைய தனிமை அந்த விவரங்களுக்கு நடுவிலிருந்து மெல்லத் தெரியவருகிறது. இதுதான் எனக்கு அதிகம் நம்பும்படியாக இருக்கிறது.

வரலாறு உண்டாக்கும் தனிமை

தனிமை எல்லாம் மனத்தின் விஷயம் என்று முடிவுகட்டிவிடக்கூடாது என்பதற்கு அசோகமித்திரனின் ‘பதினெட்டாவது அட்சக்கோடு’ ஒரு எச்சரிக்கை. 1977இல் வந்த இந்த நாவல் செகந்திராபாத்தில் ரயில்வே குடியிருப்பில் வளரும் சந்திரசேகரனைப் பற்றியது. காலம் 1947, 1948. அவன் தனிமைப் பிறவி அல்ல. கிரிக்கெட் விளையாடுகிறான், பல மொழி, பல மதத்துப் பையன்கள் கூட இருக்கிறார்கள். நிஜாம் சமஸ்தானத்தின் நெருக்கடி முற்ற முற்ற, நேற்றுவரை பெயரால் அறிந்தவர்கள் எல்லாம் மதத்தால் அறியப்படுகிறார்கள். பக்கத்து வீடு அப்படியே இருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரர் ‘அவர்கள்’ ஆகிவிடுகிறார். இறுதியில், உயிர் பயத்தில் இருக்கும் ஒரு குடும்பத்தைக் காப்பாற்ற ஒரு சிறுபெண் தன்னையே அவன் முன் வைக்கும்போது, சந்திரசேகரன் ஓடுகிறான். தான் எந்தப் பக்கத்தவன் என்று உலகம் முடிவு செய்துவிட்டதன் அவமானத்திலிருந்து ஓடுகிறான்.

வேற்று மாநிலத்தில் வாழும் நமக்கு இந்த நாவல் சொல்லும் பாடம் பெரியது. கூட்டம் நம்மை விலக்குவதால் மட்டும் தனிமை வருவதில்லை. ஒரு கூட்டம் நம்மைத் தன் ஆள் என்று அணைத்துக்கொள்ளும்போதும் வரும். சந்திரசேகரனைத் தனியாக்கியது அந்த அணைப்புதான்.

சமையலறையிலிருந்து ஒரு குரல்

இதுவரை சொன்னவர்கள் அனைவரும் ஆண்கள். அவர்கள் படைத்த தனியர்களும் ஆண்கள். வேலைக்கு வந்தவனோடு கூட வந்தவள் என்ன ஆனாள்? அவன் ஆபீஸ் போய்விட்டான். அவனுக்கு ஓர் அகர்வாலாவது கிடைத்தார். அவள் மொழி தெரியாத தெருவில், கதவைத் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு, காய்கறி வண்டிக்காரனிடம் விரலைக் காட்டிப் பேரம் பேசினாள். நம் தில்லி, பம்பாய் நாவல்களில் அவள் பெரும்பாலும் காபி கொண்டுவந்து வைக்கிறாள்.

இந்தக் குறையை ஈடு செய்தவர் அம்பை. ‘வீட்டின் மூலையில் ஒரு சமையலறை’ என்ற கதை அதே பெயருள்ள தொகுப்பில் 1988இல் வந்தது. ராஜஸ்தானில் ஒரு பெரிய குடும்பம். வீடு பெரியது, ஆட்கள் ஏராளம், விருந்துகள் ஏராளம். சமையலறை மட்டும் ஒரு மூலையில், இருட்டில். தெற்கிலிருந்து வந்த மருமகள் மீனாட்சி அந்த இடத்தைக் கொஞ்சம் வசதியாக்கினால் என்ன என்று கேட்கிறாள். கேட்ட கேள்வி சிறியது. வீட்டின் அஸ்திவாரம் ஆடுகிறது.

இங்கே தனிமையாக இருப்பவள் மீனாட்சி மட்டும் அல்ல என்பதுதான் கதையின் நுட்பம். பல வருஷமாக அந்த அடுப்படியை ஆண்டுவந்த மாமியார் ஜீஜியும் தனிமைதான். அவளைச் சுற்றி எப்போதும் பத்துப் பேர். எல்லாருக்கும் அவளிடம் வேண்டியது சாப்பாடு. பிறந்த மண்ணிலேயே, சொந்த மொழியிலேயே இருப்பவள் தனியாக இருக்கிறாள். வெளியிலிருந்து வந்தவள்தான் அதைப் பார்க்கிறாள். கடைசியில் மீனாட்சி ஜீஜியிடம் உட்கார்ந்து பேசுகிறாள். ஊர் வேறு, மொழி வேறு, வயது வேறு. ஆனாலும் குறுந்தொகைத் தோழியின் இடத்தில் ஒருத்தி வந்து உட்கார்ந்துவிட்டாள். தமிழ் வீட்டில் ‘காகித மலர்கள்’ குடும்பத்துக்குக் கிடைக்காத தோழி, ராஜஸ்தானிய அடுப்படியில் கிடைக்கிறாள். நம் பழைய விடையை இந்தக் கதை ஒன்றே தலைகீழாகப் புரட்டிவிடுகிறது.

நம் சங்கமும் நாமும்

இலக்கியம் போதும், நமக்கு வருவோம். உலக சுகாதார நிறுவனம் அமைத்த ஆணையம் 2025 ஜூனில் ஓர் அறிக்கை வெளியிட்டது. உலகில் ஆறு பேரில் ஒருவர் தனிமையுணர்வால் பாதிக்கப்பட்டிருக்கிறார் என்கிறது அது. பிரிட்டனில் 2018இலும் ஜப்பானில் 2021இலும் இதற்கென்று அமைச்சர்களையே நியமித்தார்கள். புலம்பல் என்று நாம் ஒதுக்கிய விஷயம் அரசாங்கங்களின் மேஜைக்குப் போய்விட்டது.

நான் தில்லிக்கு வந்து நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. நம் விழாக்களுக்குத் தவறாமல் போகிறவன். இப்போது அரங்கின் முன்வரிசைகளில் அதிகம் தெரிபவர்கள் ஊரிலிருந்து பிள்ளைகளோடு வந்து சேர்ந்த பெற்றோர்கள். ஒருவர் போய், மற்றவர் தனியாக நின்றபின், “இங்க எதுக்கு தனியா இருக்கணும்” என்று பிள்ளை அழைத்து வந்திருப்பான். நல்ல எண்ணம்தான். எனக்குப் பழக்கமான ஓர் அம்மாள், தஞ்சாவூர்ப் பக்கம், பல மாடிக் குடியிருப்பு ஒன்றில் மகன் குடும்பத்தோடு இருக்கிறார். ஒரு நாள் பேச்சுவாக்கில் சொன்னார்: “நான் வந்த புதுசுல சாயங்காலம் கரண்ட் போகும். எல்லாரும் பால்கனிக்கு வந்து உட்காருவாங்க. பேரன் மடியில படுத்துப்பான். இப்ப ஜெனரேட்டர் வெச்சுட்டாங்க. கரண்ட் போறதே தெரியறதில்லை.” சொல்லிவிட்டுச் சிரித்தார். அந்த வீட்டில் ஐந்து பேர். யாரும் கெட்டவர் இல்லை. ஔவையார் பாட்டில் தூங்கும் ஊர் கெட்ட ஊரா என்ன? அதற்குத் தெரியாது, அவ்வளவுதான்.

இந்த அம்மாளை நம் விழாவுக்கு அழைத்து வந்து, மூன்று மணி நேரம் முன்வரிசையில் உட்காரவைத்து, பொன்னாடைகளையும் நன்றியுரைகளையும் கேட்கவைத்து, பொங்கல் கொடுத்து அனுப்பிவிட்டால் தனிமை தீர்ந்ததாகிவிடுமா? விழாக்கள் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பிள்ளைகள் மேடையேறித் திக்கித் திக்கிக் குறள் சொல்வதைப் பார்க்க எனக்கும் பிடிக்கும். ஆனால் விழா நமக்கு ஊரைத்தான் தருகிறது, தோழியைத் தருவதில்லை. மேடையும் மைக்கும் இருக்கும் இடத்தில் ஒருவர் பேசுவார், முந்நூறு பேர் கேட்பார்கள். புலம்புவதற்கு அது நேர்மாறான ஏற்பாடு. அங்கே ராடாரும் மும்முரமாகச் சுற்றும்: யார் வந்தார், யார் எந்தப் புடவை, யார் பிள்ளை எந்தக் காலேஜ்.

ஆதவனும் நாஞ்சில் நாடனும் அம்பையும் எழுதியதை இந்த வெளிச்சத்தில் பார்த்தால், அவர்களுடைய கதைகளுக்கு ஒரு வேலை இருப்பது தெரிகிறது. பாத்திரத்துக்குக் கிடைக்காத தோழியின் இடத்தில் வாசகர் போய் உட்காருகிறார். ராமசேஷன் தன் நண்பனிடம் சொல்லாததை நம்மிடம் சொல்கிறான். நாராயணனைப் பற்றி அவன் உறவினருக்குத் தெரியாதது நமக்குத் தெரிகிறது. நாவல் படிப்பது பொழுதுபோக்கு என்று மட்டும் நினைத்தால் இது புரியாது. ஒருவர் புலம்புவதை இடைமறிக்காமல் கடைசிப் பக்கம் வரை கேட்கப் பழகுவதும்தான் அது.

அதனால் சங்கத்தாருக்கு ஒரு விண்ணப்பம். நம் நூலகத்தில் இந்த நூல்களைத் தேடி வாங்கிவைக்க வேண்டும். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மேடையும் மைக்கும் தலைமையுரையும் இல்லாமல், நாற்காலிகளை வட்டமாகப் போட்டு ஒரு கதையைப் படிப்போம். பத்துப் பேர் வந்தால் போதும். கைலாசத்தைப் பற்றிப் பேச ஆரம்பிக்கிறவர் பத்தாவது நிமிஷம் தன்னைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பார். பேசட்டும். வழக்கமாகக் காபி போட்டுக் கொடுக்கும் பெண்களும் அந்த வட்டத்தில் உட்காரவேண்டும். காபியை வெளியே சொல்லி வரவழைத்துக்கொள்ளலாம்.

அன்பர்களுக்கு ஒரு வார்த்தை. நாம் ஒரு தமிழரைப் பார்த்தவுடன் கேட்கும் முதல் கேள்வி “உங்களுக்கு எந்த ஊரு?” என்பது. பதில் வந்ததும் “அடேடே, நம்ம பக்கம்தான்” என்போம். பிறகு ஆபீஸ், குவார்ட்டர்ஸ், பிள்ளைகள் என்று விசாரித்து முடித்துக்கொள்வோம். அந்த முதல் கேள்வி நல்ல கேள்விதான். அதைக் கேட்க ஆளில்லாமல் ஸ்டேஷனில் போய் நின்றவர்கள் நம் முன்னவர்கள். ஆனால் அது ஊரைப் பற்றிய கேள்வி. அதற்கு அப்புறம் ஆளைப் பற்றி ஒரு கேள்வி கேட்டுவிட்டு, பதில் வரும்வரை கொஞ்சம் சும்மா இருந்து பாருங்கள். வருகிற பதில் புலம்பலாக இருந்தால் அதன் பழைய பொருளையும் நினைத்துக்கொள்ளுங்கள்.